வெயிலில் காய்ந்த கேசட்டும் பிசகாத குரலும்

இன்று காலை மொட்டை மாடியில் மிளகாய் காயப் போட்டேன். சாக்கை விரித்துப் பரப்பிக்கொண்டே போகையில் நெடி ஏறித் தும்மல் வந்தது. தும்மி நிமிர்ந்தால், தண்ணீர்த் தொட்டிப் பக்கத்து மூலையில் நிற்கிறேன். போன கோடையிலிருந்து அந்த மூலைக்கு நான் போனதே இல்லை. விளக்குமாற்றைக்கூட அந்தப் பக்கம் கொண்டுபோக மாட்டேன். இன்று கால் தானாகப் போய் நின்றிருக்கிறது. அதை உங்களிடம் சொல்ல வேண்டும் என்றுதான் காகிதத்தை எடுத்தேன்.

ஆனால் நீங்கள் முதலில் எதைக் கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். எந்த ஊர்த் திருவிழாவுக்கு மைக் செட் கட்டிவிட்டு வந்தாலும், ஒலிபெருக்கிக் குழாயைத் தோளிலிருந்து இறக்குவதற்கு முன்னாலேயே "பிள்ளைக என்ன செய்யுதுக?" என்பீர்கள். அதனால் அந்தச் சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மூத்தவன் மகன் வக்கீல் ஆகிவிட்டான். கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு என் காலில் விழுந்தான்; கோட்டில் என் கைத் திருநீறு ஒட்டிக்கொண்டது, தட்டிவிடாமல் அப்படியே கோர்ட்டுக்குப் போனானாம். மகள் வீட்டுப் பேத்தி நர்ஸ் படிப்பை முடித்து வேலைக்குப் போகிறாள். ஊசி போட்டால் வலிக்கவே இல்லை என்று விளாங்குடியில் பாதிப் பேர் அவளைத் தேடுகிறார்கள். சின்னவன் மகன் கபடியில் மாவட்டத்துக்கு இரண்டாவது. முதலாவதாக வந்திருக்க வேண்டியவன்தான், கோட்டைத் தொட்டதை நடுவர் பார்க்கவில்லை. சின்னவன் மகள் காவியா எலக்ட்ரானிக்ஸ் கடைசி வருஷம். நீங்கள் கண்ணை மூடிய காலத்தில் பாவாடை கட்டிக்கொண்டு உங்கள் ஒயரைச் சுருட்டித் தந்தவள். உழைத்த கூலிக்குச் சோளம் அளந்து வாங்கிய வீட்டில், ஒருத்தன்கூடப் பத்தாவதைத் தாண்டாத வம்சத்தில், இத்தனை பேர். 

இனி என் சேதி. இதில் காவியாவும் உங்கள் தம்பியும் வருவார்கள்.

உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம் அத்தனைக்கும் குழாய் கட்டியவர் நீங்கள். ஊரார் குரலையெல்லாம் மூன்று மைல் தூரத்துக்குக் கேட்க வைத்தீர்கள். "சத்தம் பெருசாக் கேட்டா மட்டும் போதாது, கடைசி வரிசையில நிக்கிற கிழவிக்கும் சொல்லு புரியணும்" என்பீர்கள். அப்படிப்பட்டவரின் குரல் பதிந்தது ஒரே ஒரு கேசட்டில். நம் ஊர் முளைப்பாரித் திருவிழாவில், பழையதாக வாங்கிய டேப் ரெக்கார்டர் ஒழுங்காகப் பதிகிறதா என்று பார்க்க நீங்கள் போட்டுவிட்டது. அதில் நீங்கள் பெண்களை வரிசையாக வரச்சொல்லி அறிவிக்கிறீர்கள். பிறகு கும்மி. இரண்டுக்கும் நடுவில், மைக்கை அமர்த்த மறந்துவிட்டு, என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்கிறீர்கள்.

அந்த வார்த்தையை ஊரே கேட்டது. "இந்தா, ஒன்னத்தான். விரதம் கிரதம்னு மயங்கி விழுந்துராத. தூக்குச்சட்டியில ரெண்டு பணியாரம் இருக்கு, மறைவாப் போயித் தின்னுட்டு வா."

முளைப்பாரி தலையில் ஏற்றுகிறவளுக்கு, குளக்கரையில் இறக்கும்வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது. நான்கு குழாயிலும் அது கேட்டபோது கும்மிக்கு நின்ற அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். உங்கள் அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான் பணியாரத்தைத் தொடவே இல்லை என்று முளைப்பாரிச் சட்டியில் கைவைத்துச் சத்தியம் செய்த பிறகுதான் சோறு போட்டார்கள். அதற்குப் பிறகு எந்த விசேஷத்துக்குப் போனாலும், "பணியாரக்காரி வந்துட்டாடி" என்று ஒரு சிரிப்பு. எனக்கு எரிச்சலாக வரும். நீங்கள் போன பிறகு அந்தக் கேசட்டில் நான் கேட்கிற ஒரே இடம் அதுவாகத்தான் ஆனது. உங்களைப் போல் என் பசியை ஊரறியக் கவனித்தவர் வேறு யார்?

போன வருஷம் பொங்கல் லீவுக்கு வந்த காவியா, "அப்பத்தா, நாடாவுல பூஞ்சை பிடிக்குது. கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சிருவோம்" என்றாள். உங்கள் பழைய டேப்பைத் துடைத்து, அதற்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் தீப்பெட்டி மாதிரி ஒரு பெட்டியை மாட்டி ஏற்றினாள். என் போனிலும் போட்டுத் தந்தாள். கேசட்டைத் திரும்ப டப்பாவில் வைத்தோம்.

அதோடு விட்டிருக்கலாம். சித்திரை வந்தது. டப்பாவைத் திறந்தால் ஒரு மக்கின நாற்றம். கேசட்டில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. பருப்பில் பூஞ்சை வந்தால் என்ன செய்வோம்? புளியில் வந்தால்? வெயிலில் வைப்போம். எனக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான். மிளகாய் காயப் போட்ட சாக்கின் ஓரத்தில், தொட்டி மூலையில், உங்கள் கேசட்டையும் வைத்தேன். காக்காய் தூக்காமல் இருக்க மேலே ஒரு இரும்புத் தட்டையும் கவிழ்த்தேன். அம்புட்டுப் பத்திரம்!

பொழுது சாயப் போய்த் தட்டைத் தூக்கினேன். கேசட் அப்பளம் மாதிரி சுருண்டிருந்தது. நாடா வெளியே வழிந்து தட்டோடு ஒட்டியிருந்தது. மிளகாயின் காரத்தோடு பிளாஸ்டிக் உருகின வாடை. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

உங்கள் தம்பி அவனியாபுரத்திலிருந்து வந்தார். நீங்கள் கையைப் பிடித்துத் தொழில் கற்றுக் கொடுத்தவர். இன்று மூன்று வேன் நிறைய ஸ்பீக்கர்ப் பெட்டி வைத்திருக்கிறார். உருகின கேசட்டைக் கையில் வாங்கி புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "போன்ல இருக்குல்ல தம்பி" என்று நான் போட்டுக் காட்டினேன். இரண்டு தடவை கேட்டார். தலையை ஆட்டினார்.

"மதினி, வருத்தப்படாதீங்க, உள்ளதச் சொல்றேன். இது அண்ணன் குரல் மாதிரி இருக்கு, அம்புட்டுத்தான். கம்ப்யூட்டர்ல ஏத்துறப்ப நேரம் பிசகிப் போகும். எங்க லைன்ல எல்லாருக்கும் தெரியும். இழுக்குது பாருங்க, கேக்கலையா?"

"எனக்கு ஒண்ணும் தெரியலையே தம்பி."

"காது பழகினவனுக்குத்தான் கேக்கும்."

அவர் போய்விட்டார். அந்த வார்த்தை போகவில்லை. ஒரிஜினல் கேசட்டை நானே வெயிலில் வாட்டிவிட்டேன். மிச்சம் இருப்பது உங்களைப் போலப் பேசுகிற வேறு ஏதோ. நாற்பது வருஷம் கூட வாழ்ந்தும் அந்த வித்தியாசம் என் காதுக்குத் தெரியவில்லை. அப்படியானால் நான் என்ன பெண்டாட்டி? அன்றிலிருந்து ஒரு வருஷம் அந்தப் போனில் உங்கள் குரலை நான் போடவில்லை. யாராவது கேட்டால், "சார்ஜ் இல்லை" என்று சொல்லிவிடுவேன்.

போன மாதம் காவியா வந்திருந்தபோது, "தாத்தா பேசுறதப் போடுங்க அப்பத்தா, பணியாரத்தக் கேட்டு நாளாச்சு" என்றாள். நான் சார்ஜ் இல்லை என்றேன். போனை வாங்கிப் பார்த்தாள். நிறைந்து இருந்தது. பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சொல்லும்போது அழுதேன் என்பதை எழுதத்தான் வேண்டுமா?

அவள் அழவில்லை. கோபப்பட்டாள். "சின்னத் தாத்தா சொன்னாரா? காது பழகினவருக்குக் கேக்குமாமா? ஞாயித்துக்கெழம வரச்சொல்லுங்க. கறிக்குழம்பு வைங்க, கட்டாயம் வருவார்."

அதற்கு முன்னால் எனக்கு ஒன்று தெரிய வேண்டியிருந்தது. "பிசகு உண்டா இல்லையா, அத மட்டும் சொல்லு" என்றேன்.

அவள் வாசல் கோலத்தைக் காட்டினாள். "புள்ளி வச்சுட்டுத்தான இழை இழுக்குறீங்க? கம்ப்யூட்டரும் அப்படித்தான். குரல் போற பாதையில சீரா இடைவெளி விட்டுப் புள்ளி புள்ளியா வச்சுக்கும். திரும்பக் கேக்குறப்ப அந்தப் புள்ளிய வச்சு இழைய இழுத்துத் தரும். சின்னத் தாத்தா சொல்ற பிசகுங்கிறது, ஒரு புள்ளி விழ வேண்டிய நேரத்துக்கு மயிரிழை முன்னாலயோ பின்னாலயோ விழுறது. அது உண்டு அப்பத்தா. எல்லா மிசின்லயும் உண்டு. இல்லன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். அது மனுசன் காதுக்குக் கேக்குதாங்கிறதுதான் கேள்வி."

எனக்குப் பாதி நிம்மதி அப்போதே வந்தது. இல்லவே இல்லை என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

ஞாயிறு பத்து மணிக்கெல்லாம் உங்கள் தம்பி வந்துவிட்டார். வெல்வெட் பையில் தன்னுடைய ஹெட்போனையே கொண்டு வந்திருந்தார். "சோதனையா? வை வை. நாப்பது வருசமா இந்தக் காதுதான் எனக்குக் கஞ்சி ஊத்துது" என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். காதில் மாட்டுவதற்கு எதற்குச் சட்டைக் கையை மடிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

காவியா விளக்கினாள். அதே பதிவை இரண்டாக வைத்திருக்கிறாள். ஒன்று நம் வீட்டில் ஏற்றியது. இன்னொன்றில் வேண்டுமென்றே புள்ளிகளைத் தள்ளித் தள்ளி வைத்திருக்கிறாள். நம் தீப்பெட்டிப் பெட்டி எவ்வளவு பிசகுகிறது என்று காலேஜில் அளந்து பார்த்து, அதைவிடப் பல மடங்கு கூட்டி வைத்ததாம். முதலில் ஒன்று, அடுத்து மற்றது, பிறகு மூன்றாவதாக அவற்றில் ஏதோ ஒன்று வரும். மூன்றாவது எது என்று சொல்ல வேண்டும். இருபது தடவை.

"நீ மூஞ்சியக் காட்டிக் குடுத்துருவியே?" என்றார் உங்கள் தம்பி.

"எனக்கே தெரியாது தாத்தா. கம்ப்யூட்டர்தான் கலைச்சுப் போடுது. நான் திரும்பி உக்காந்துக்கிறேன்."

அவர் உங்கள் குரலைக் கேட்டார், அந்த அறிவிப்பை மட்டும், பணியாரம்வரை போகாமல். நான் மாட்டேன் என்றுவிட்டேன். எனக்குக் கும்மியை மட்டும் போடச் சொன்னேன். கைதட்டலில் பிசகு வந்தால் எனக்குத் தெரியாமல் போகாது. முப்பது பெண்கள் சுற்றி வருகையில் ஒருத்தி அரைக் கை பிந்தினாலும் யாரென்று சொல்லுவேன். அது உங்களுக்கே தெரியும்.

அவர் முதல் ஐந்தையும் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். "ரெண்டாவது. சுத்தமா இழுக்குது. இது மொதலாவது, மணி மாதிரி இருக்கு. அடுத்ததப் போடும்மா, இதெல்லாம் ஒரு சோதனையா?" பத்துக்கு மேல் சத்தம் குறைந்தது. பதினைந்தாவதில் ஹெட்போனைக் கழற்றித் துடைத்தார். "திரும்ப ஒரு தடவை போடு" என்றார். "இன்னொரு தடவை" என்றார். நெற்றி வேர்த்தது.

முடிந்ததும் காவியா எண்ணினாள். அவர் இருபதில் பதினொன்று. நான் ஒன்பது.

"பாத்தியா, உங்க அப்பத்தாவ விட ரெண்டு கூட" என்றார்.

"தாத்தா, காதுல மாட்டாமலே காசச் சுண்டிப் போட்டு எழுதினாலும் பத்துப் பக்கத்துல வரும்."

அவர் என்னைப் பார்த்தார். நான் குழம்பைக் கிளறப் போனேன். என் முதுகுக்குப் பின்னால், "காலையில வண்டியில வந்த சத்தம் காதுல இன்னும் இருக்கு. அதான்" என்றார். "அடுப்படியில தாளிக்கிற சத்தம் வேற" என்றார். காவியா இன்னொரு ஜோடி போட்டாள். கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. "இது! இதுல நல்லாத் தெரியுது. மொதல்ல வந்தது வெண்ணெ, ரெண்டாவது மணலு."

"ரெண்டும் ஒண்ணேதான் தாத்தா. ஒரே பதிவத்தான் ரெண்டு தடவை போட்டேன்."

நான் கரண்டியை வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டேன். சிரித்தது கேட்டுவிட்டது. "மதினி, சிரிக்காதீங்க" என்றார். பிறகு அவரே சிரித்துவிட்டார்.

எனக்கு இன்னொரு சந்தேகம் இருந்தது. வயசான காது, எதுவுமே கேட்கவில்லை என்றால்? அதையும் காவியா யோசித்து வைத்திருந்தாள். பிசகைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனாள். ரொம்பத் தூரம் போனபிறகு ஒரு இடத்தில் கைதட்டலுக்குக் கீழே நறநறவென்று, அரிசியில் கல் கடிபடுகிற மாதிரி வந்தது. "இந்தா, இது!" என்று நான் கத்திவிட்டேன். அடுத்த நொடி உங்கள் தம்பியும் கையைத் தூக்கினார். அதற்குப் பிறகு பத்துக்குப் பத்து இரண்டு பேரும் சரியாகச் சொன்னோம்.

"அப்ப உங்க காது நல்லாத்தான் இருக்கு" என்றாள் காவியா. "நம்ம பெட்டியில நெசமா இருக்கிற பிசகுதான் உங்க காதுக்கு எட்டாத சின்னது. உலகத்துல ஒருத்தருக்குமே எட்டாதுன்னு நான் எழுதித் தர மாட்டேன் அப்பத்தா. பழகின காதுக்காரங்கள உக்கார வச்சு எத்தனையோ பேரு சோதிச்சுப் பாத்திருக்காங்க; நல்லாக் கூட்டினாத்தான் பிடிபடுது. இந்த வீட்டுல, இந்தக் குரல்ல, உங்க ரெண்டு பேருக்கும் எட்டல. அது எனக்கு உறுதி."

எனக்கும் அது போதும். உலகத்தை வைத்து நான் என்ன செய்யப்போகிறேன்?

இலை போட்டேன். உங்கள் தம்பி சோற்றைப் பிசைந்தார். "எல்லாம் சரிதாம்மா" என்றார். "ஆனா 'வரிசையா வாங்க'ங்கிற எடத்துல இழுக்குதே. அது எனக்கு இப்பவும் கேக்குது. அண்ணன் அப்படி இழுத்துப் பேச மாட்டாரு."

"எனக்கும் கேக்குது தாத்தா. அது இருக்கு" என்றாள் காவியா. "ஆனா அது மயிரிழை இல்ல, லாரி போற அகலம். கம்ப்யூட்டர் அந்த மாதிரி பிசகாது. அது நாடாவுலயே இருந்தது. சீரா, ஒரே இடைவெளியில இழுத்து இழுத்து விடுது. பதியிறப்ப டேப்புக்குள்ள ஏதோ ஒண்ணு வட்டமாச் சுத்துறது சரியில்லாம இருந்திருக்கு."

அவர் இடது கை விரலால் தரையில் தட்டிப் பார்த்தார். இழுத்து விடுகிற கணக்கில். நாலைந்து தடவை தட்டினார். பிறகு விரல் நின்றது.

"சைக்கிள் டியூப்பு" என்றார்.

எனக்கும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்தத் திருவிழா அன்று காலை டேப்பின் உள்ளே சக்கரத்தைச் சுற்ற வைக்கிற பெல்ட்டு அறுந்துபோனது. மதுரைக்கு வந்து வாங்க நேரமில்லை. உங்கள் தம்பி ஒரு பழைய சைக்கிள் டியூப்பை வளையமாக நறுக்கி மாட்டினார். "ஒரு பக்கம் தடிமன், ஒரு பக்கம் மெலிசு. இத மாட்டினா மாடு நொண்டுற மாதிரி போகும்டா" என்று நீங்கள் திட்டினீர்கள். வேறு வழியில்லாமல் அதையேதான் ஓட்டினீர்கள். மறுவாரம் நல்ல பெல்ட்டு மாற்றியாயிற்று. பதிந்தது பதிந்ததுதானே.

"மிசினு மேல பழியப் போட்டேன்" என்றார் அவர். "நான்தான் பண்ணியிருக்கேன்."

நான் ரசம் ஊற்றினேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "மதினி, அன்னைக்கு அந்தக் கேசட்டக் கையில வாங்கினப்ப எனக்குக் கோவம். அண்ணன வத்தலோட வத்தலாக் காயப்போட்டுட்டீங்களேன்னு. நீங்க உக்காந்திருந்த கோலத்தப் பாத்துட்டு ஒரு வார்த்தை திட்ட முடியல. அப்புறம் அந்தப் போனக் காதுல வச்சா எல்லாமே தப்பாக் கேட்டுச்சு. பொய் சொல்லல மதினி. சத்தியமா எனக்கு அப்படித்தான் கேட்டுச்சு."

"தெரியும் தம்பி" என்றேன். "எனக்கும் ஒரு வருசமா அப்படித்தான். கேக்காமலே தப்பாக் கேட்டுச்சு."

அவர் அன்று மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். போகும்போது ஹெட்போனை வெல்வெட் பையில் போட்டு என் கையில் கொடுத்தார். "இதுல கேளுங்க. போன்ல இருக்கிற ஸ்பீக்கரு அண்ணனுக்குப் பத்தாது."

பொழுது சாயும் நேரம். காவியா கடைக்குப் போயிருந்தாள். நான் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அதைக் காதில் மாட்டினேன். ஒரு வருஷம். பட்டனை அழுத்தினேன்.

முதலில் இரைச்சல். ஒரு நாய். யாரோ பாத்திரத்தை வைக்கிறார்கள். பிறகு நீங்கள். "முளைப்பாரி எடுக்குற தாய்மாருக எல்லாம் வரிசையா வாங்க. பிள்ளைகள மிதிச்சிராம, வரிசையா வாங்க." இழுப்பு வந்தது. அந்த டியூப்பு வளையம் தடித்த பக்கமாகச் சுற்றி வருவது எனக்குக் கண்ணில் தெரிந்தது. இழுப்பும் நீங்கள்தான். திட்டிக்கொண்டே அதை ஓடவிட்டவர் நீங்கள்தானே.

பிறகு, "இந்தா, ஒன்னத்தான்." என் உடம்பு நிமிர்ந்தது. விரதம், தூக்குச்சட்டி, பணியாரம், மறைவாப் போயித் தின்னுட்டு வா. எல்லாம் அப்படியே. ஒரு எழுத்து பிசகவில்லை.

அதற்கு அடுத்து வருவதை நான் இதுவரை கேட்டதே இல்லை. அந்தப் பழைய டேப்பின் சின்னப் பெட்டியில் அது எழும்பியதே இல்லை. போனிலும் இல்லை. இந்த ஹெட்போனில், உங்கள் குரலுக்குப் பின்னால், தள்ளி, சன்னமாக ஒரு பெண் குரல். பயந்து, அவசர அவசரமாக.

"அய்யோ, அத அப்பவே தின்னாச்சு! மொதல்ல மைக்க அமத்துங்க!"

மூன்று தடவை திருப்பிப் போட்டேன். சந்தேகமே இல்லை. நான்தான்.

உங்கள் அம்மா முன்னால் சட்டியைத் தொட்டுச் சத்தியம் செய்தவள் நான். பணியாரக்காரி என்றவர்களோடு சண்டைக்குப் போனவள். சொல்லிச் சொல்லி, தின்னவே இல்லை என்று நானே நம்பியிருக்கிறேன். தின்றிருக்கிறேன். ஊருக்குக் குழாயில் கேட்காத தூரம். நாடா மட்டும் பிடித்து வைத்திருக்கிறது.

காதை வைத்துப் பிழைத்தவர் நீங்கள். அந்தக் கேசட்டை எத்தனை தடவை போட்டிருப்பீர்கள்? இந்தப் பதில் உங்கள் காதுக்கு எட்டாமலா இருந்திருக்கும்? உங்கள் அம்மா கேட்டபோதும், "அவ தொடல ஆத்தா, நான்தான் தின்னேன்" என்று முகம் மாறாமல் சொன்னீர்களே. அதற்குப் பிறகு ஒரு சண்டையிலாவது, ஒரு கேலியிலாவது, "ஏ, தின்னவதான நீ" என்று என்னைக் காட்டிக் கொடுத்ததுண்டா? ஒரு நாளும் இல்லை. சாமிக்கு முன்னால் செய்த குற்றம்தான். இத்தனை வருஷம் கழித்துத் தெரிந்தும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. தனியாக ஜன்னலோரம் உட்கார்ந்து சிரித்தேன். கடையிலிருந்து வந்த காவியா, "எதுக்கு அப்பத்தா சிரிக்கிறீங்க?" என்றாள். "சார்ஜ் இல்ல" என்றேன்.

அவளுக்கு இன்னும் சொல்லவில்லை. உங்கள் தம்பிக்கும் சொல்லவில்லை. நீங்கள் வைத்திருந்த இடத்திலேயே அதை நானும் வைத்திருக்கப் போகிறேன். போன் என் சுருக்குப்பையில் இருக்கிறது. ரேஷனுக்குப் போனாலும், கோயிலுக்குப் போனாலும், நீங்களும் நானும் அந்தப் பணியாரமும் இடுப்பில்தான். தினமும் போட்டுக் கேட்பதில்லை. கேட்கலாம் என்று இருப்பதே போதுமாக இருக்கிறது.

ஒன்று மட்டும் குறை. சுவரில் மாட்டியிருக்கிற உங்கள் படம் ஏதோ ஒரு கல்யாண வீட்டில் எடுத்தது. எல்லாரும் கேமராவைப் பார்க்க, நீங்கள் மட்டும் மேலே கட்டின குழாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள். குரல் நேராக வந்து சேர்ந்துவிட்டது, முகம்தான் இன்னும் எங்கள் பக்கம் திரும்பவில்லை. நீங்கள் இருக்கிற இடத்தில் தபால் உண்டா என்று தெரியாது. உண்டு என்றால், என்னைப் பார்க்கிற மாதிரி புதிதாக ஒரு படம் எடுத்துப் போட்டுவிடுங்கள்.